அம்லோடிபின் கால்சியத்தைத் தடுக்கிறதே, ரத்தமும் நீர்த்துப்போகுமா?

இந்த முறை வந்த கடிதங்களில் பல, சொல்லிவைத்தது போல, ரத்தத் தட்டணுக்களையும் கால்சியத்தையும் பற்றியே இருந்தன. லேப் ரிப்போர்ட்டில் பிளேட்லெட் என்று வருகிறதே, அதுதான் தட்டணு. ஒரு பதில் இன்னொரு கேள்விக்கும் உதவும் என்பதால் எல்லாவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன்.

கேள்வி: டாக்டர், என் அப்பாவுக்கு 68 வயது. போன வருடம் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். ஆஸ்பிரின் 75, குளோபிடோக்ரெல் 75 இரண்டும் தினமும் சாப்பிடுகிறார். அதோடு பிரஷருக்கு அம்லோடிபின் 5. தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்ட கால்சியம் வேண்டும் என்று படித்தேன். அம்லோடிபினோ ‘கால்சியம் சேனல் பிளாக்கர்’ என்கிறார்கள். ஏற்கெனவே இரண்டு மாத்திரை ரத்தத்தை நீர்க்க வைக்கின்றன, இது மூன்றாவதா? பல் தேய்க்கும்போது அப்பாவுக்கு ஈறில் ரத்தம் வருகிறது. அம்லோடிபினை நாங்களே நிறுத்திவிடலாமா?
— வாசகர், திருநெல்வேலி

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். நிறுத்தாதீர்கள். மூன்றில் எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். ஸ்டென்ட் வைத்தவர் ஆஸ்பிரினையோ குளோபிடோக்ரெலையோ சொல்லாமல் கொள்ளாமல் விட்டால் அந்த ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் கட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு, அது உயிருக்கே உலை வைக்கும். அம்லோடிபினை விட்டால் பிரஷர் ஏறும், ரத்தம் கட்டாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவருக்குப் பிரஷர் ஏறுவது மூளையில் ரத்தக்கசிவுக்கு வழி.

இப்போது உங்கள் சந்தேகம். நீங்கள் படித்தது சரி, தட்டணு வேலை செய்யக் கால்சியம் கட்டாயம் வேண்டும். அம்லோடிபின் கால்சியத்தைத் தடுக்கிறது என்பதும் சரி. இரண்டு சரியையும் கூட்டினால் வரும் முடிவுதான் தவறு.

தட்டணு முழுமையான செல் கூடக் கிடையாது. எலும்பு மஜ்ஜையிலுள்ள ஒரு பெரிய செல்லிலிருந்து உதிரும் துணுக்கு அது. குறுக்களவு 2 முதல் 3 மைக்ரோமீட்டர், உட்கரு இல்லை, 7 முதல் 10 நாள் வரை சுற்றிவிட்டு முடிந்துபோகும். சும்மா சுற்றும்போது அதற்குள் தனித்திருக்கும் கால்சியம் மிக மிகக் குறைவு. வெளியே பிளாஸ்மாவில் இருப்பதில் சுமார் 10,000-ல் ஒரு பங்குதான். நான் ஒருமுறை காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். உள்ளே இருக்கும் 100 நானோமோலார் என்ற அளவை அந்தத் துணுக்கின் கொள்ளளவோடு பெருக்கினால், ஒரு தட்டணுவுக்குள் ஒரு நேரத்தில் தனித்துத் திரியும் கால்சியம் அயனிகள் சில நூறுதான் என்று வந்தது. லட்சம் கோடி என்று பேசிப் பழகிய துறையில் சில நூறு! அந்தச் சில நூறைச் சில நூறாகவே வைத்திருக்கத்தான் தட்டணுவின் பம்புகள் இரவும் பகலும் கால்சியத்தை வெளியேயும் உள்ளே இருக்கும் கிடங்குக்குள்ளும் தள்ளிக்கொண்டே இருக்கின்றன.

ரத்தக் குழாயில் கீறல் விழுந்தால் கதை மாறும். குழாய்ச் சுவரின் கொலாஜென், அங்கே உருவாகும் த்ராம்பின், பக்கத்துத் தட்டணுக்கள் கக்கும் ஏடிபி, த்ராம்பாக்ஸேன் என்ற சேதிப் பொருள்கள் எல்லாம் தட்டணுவின் மேலுள்ள தங்கள் தங்கள் ஏற்பியில், அதாவது சேதியை வாங்கும் புரதத்தில், வந்து உட்காரும். உட்கார்ந்ததும் உள்ளே ஐபி3 என்ற சின்ன மூலக்கூறு உண்டாகிக் கால்சியக் கிடங்கைத் திறந்துவிடும். கிடங்கு வற்றுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கும் ஸ்டிம்1 என்ற புரதம், மேல்சவ்விலுள்ள ஓராய்1 என்ற வழியைத் திறந்து வெளியிலிருந்தும் கால்சியத்தைக் கொண்டுவரும். சில நொடிகளில் உள்ளே கால்சியம் பத்து மடங்கும் அதற்கு மேலும் ஏறி, தட்டையாக இருந்த தட்டணு உருண்டு, முள் முள்ளாகக் கை நீட்டி, பையில் வைத்திருந்ததையெல்லாம் வெளியே கொட்டி, ஃபைப்ரினோஜென் என்ற புரதத்தைப் பிடித்துக்கொண்டு அடுத்த தட்டணுவோடு ஒட்டிக்கொள்ளும்.

இந்தப் பாதையில் அம்லோடிபின் உட்கார இடமே இல்லை. அது உட்காருவது எல்-வகை வாசல் என்ற ஒன்றில். அந்த வாசல் மின்னழுத்த மாற்றத்தில் திறப்பது, ரத்தக் குழாயின் தசையிலும் இதயத் தசையிலும் இருப்பது. அம்லோடிபினின் நடுவிலுள்ள டைஹைட்ரோபிரிடின் வளையம் அந்தப் புரதத்தின் ஒரு பள்ளத்துக்கு அளவெடுத்தது போல இருக்கிறது. தட்டணுவின் வாசலான ஓராய்1 வேறு குடும்பத்துப் புரதம், அதில் அந்தப் பள்ளம் கிடையாது. மேட்டூரில் ஷட்டரை இறக்கினால் வைகையில் தண்ணீர் நிற்குமா? இரண்டிலும் ஓடுவது தண்ணீர்தான், ஆனாலும் நிற்காது. சோதனைக் குழாயில் இந்த வகை மருந்துகளை ஏராளமாக ஊற்றினால் தட்டணுக்கள் மந்தமாவதைப் பார்க்கலாம். அப்பா சாப்பிடும் 5 மில்லிகிராமில் ரத்தத்தில் வரும் அளவு அதற்குப் பக்கத்தில் கூட வராது.

அமைப்பு என்றதும் இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதே குடும்பத்துப் பிரஷர் மருந்தான நிஃபெடிபினுக்கும் இதே வளையம்தான், ஆனால் அதன் வேகம் சில மணி நேரத்தில் அடங்கிவிடும். அம்லோடிபினுக்கு அந்த வளையத்தில் நேர்மின்னூட்டம் கொண்ட ஒரு சின்னக் கை கூடுதலாக இருக்கிறது. அது செல் சவ்வின் கொழுப்பைப் பற்றிக்கொண்டு மெதுவாகத்தான் விடும், உடலும் அதை மெதுவாகவே வெளியேற்றும். தினம் ஒரு வேளை போதும் என்று டாக்டர் சொல்வதற்குக் காரணம் இந்த மெத்தனம்தான்.

சரி, ஈறு? ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சேர்ந்தாலே ஈறில் லேசாக ரத்தம் வரும். ஆனால் அம்லோடிபினை முழுக்க விடுவிக்கவும் முடியாது. சிலருக்கு அது ஈறைத் தடிக்க வைக்கும், தடித்த ஈறு பிரஷ் பட்டாலே கசியும். இது தட்டணுவோடு சம்பந்தமில்லாத தனிச் சமாச்சாரம். பல் டாக்டரிடம் காட்டி, ஈறு வீங்கியிருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் இதய டாக்டரே பிரஷருக்கு வேறு மாத்திரை மாற்றிக் கொடுப்பார். அதுவரை மென்மையான பிரஷ். மலம் கறுப்பாகப் போனாலோ, மூக்கில் வரும் ரத்தம் நிற்காமல் போனாலோ காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கேள்வி: எனக்கு 54 வயது. எலும்புத் தேய்மானத்துக்குக் கால்சியம் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கால்சியம் ரத்தத்தை உறைய வைக்கும் என்கிறார் நாத்தனார். உண்மையா?
— வாசகி, கும்பகோணம்

பதில்: ரத்தம் உறையக் கால்சியம் வேண்டும், ஆனால் கால்சியம் கூடினால் கூடுதலாக உறையும் என்று கணக்குப் போட முடியாது. தட்டணுவுக்கு வெளியே கால்சியம் எப்போதும் தாராளமாகவே இருக்கிறது, கதவு திறந்தால் போதும். நீங்கள் மாத்திரை சாப்பிட்டாலும் பாராதைராய்டு சுரப்பி ரத்தக் கால்சியத்தை ஒரு குறுகிய எல்லைக்குள் பிடித்து வைத்திருக்கும். எழுதிக் கொடுத்த அளவைச் சாப்பிடுங்கள், நல்லதுதானே என்று நீங்களாக இரட்டிப்பாக்க வேண்டாம். சிறுநீரகக் கல் வந்ததுண்டு என்றால் அதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: நான் பி.ஃபார்ம் மூன்றாம் ஆண்டு. தட்டணுவே 2, 3 மைக்ரோமீட்டர் என்கிறார்கள். அதற்குள் கால்சியம் ஏறுகிறது, இறங்குகிறது என்று எப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள்? ஒரு மருந்து ஏற்பியில் போய் உட்கார்ந்து கால்சியத்தைக் குறைக்கிறதா, சும்மா சவ்வைக் குழப்பிக் குறைக்கிறதா என்று எப்படிப் பிரிப்பது? புத்தகத்தில் ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள்.
— மாணவி, கோவை

பதில்: இந்தக் கேள்விக்காகவே இந்தப் பகுதியை எழுதலாம் போலிருக்கிறது, அவ்வளவு பிடித்திருக்கிறது.

முதலில் கண்ணாலேயே பார்க்கக்கூடிய ஒன்று. ரத்தத்தை மெதுவாகச் சுழற்றி எடுத்தால் மேலே மஞ்சளாக, கலங்கலாகத் தட்டணுக்கள் நிறைந்த பிளாஸ்மா நிற்கும். அந்தக் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து மெல்லச் சுழற்றினால் உள்ளே பட்டுத்துணி மடிப்பு போல ஒரு மினுமினுப்பு ஓடும். தட்டையான தட்டணுக்கள் ஓட்டத்தோடு திரும்பித் திரும்பி வெளிச்சத்தைத் தெறிக்க விடுவதால் வருவது அது. ஒரு துளி ஏடிபி விட்டுவிட்டுச் சுழற்றிப் பாருங்கள், மினுமினுப்பு சட்டென்று செத்துவிடும். எல்லாம் உருண்டைகளாகிவிட்டன, உருண்டை எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒன்றுதான். இன்னும் கொஞ்ச நேரத்தில் கண்ணெதிரே வெள்ளைத் துகள்கள் திரண்டு, கலங்கல் தெளிந்துவிடும். அந்தத் தெளிவை ஒளியால் அளக்கும் கருவியைத்தான் கஸ்டவ் பார்ன் 1962-ல் வெளியிட்டார். இயற்பியலாளர் மேக்ஸ் பார்னின் மகன் அவர். நான் மருந்தியல் படித்தபோது அந்தக் கருவியின் முன்னால் உட்கார்ந்த முதல் மதியம் இன்னும் மனதில் இருக்கிறது. ரத்த வங்கியில் தட்டணுப் பையை ஆட்டிப் பார்த்துவிட்டுக் கொடுப்பதும் இந்த மினுமினுப்புக்காகத்தான்.

ஆனால் இது கால்சியத்தின் விளைவு, கால்சியமே அல்ல. கால்சியத்தை நேராகப் பார்க்க வழி காட்டியவர் ரோஜர் சியென். கால்சியத்தைப் பிடித்தால் ஒளிரும் தன்மை மாறுகிற மூலக்கூறுகளை அவர் வடிவமைத்தார். அதில் சிக்கல் என்னவென்றால், கால்சியத்தைப் பிடிக்க அந்த மூலக்கூறுக்கு எதிர்மின்னூட்டம் கொண்ட நான்கு கார்பாக்சில் கைகள் வேண்டும், அவ்வளவு மின்னூட்டம் இருந்தால் அது கொழுப்பாலான செல் சவ்வைத் தாண்டாது. தட்டணுவோ ஊசி போட்டு ஏற்ற முடியாத அளவுக்குச் சின்னது. 1981-ல் சியென் அந்த நான்கு கைகளுக்கும் எஸ்டர் உறை மாட்டிவிட்டார். உறை போட்டதும் மின்னூட்டம் மறைந்து, மூலக்கூறு வழுக்கிக்கொண்டு சவ்வைக் கடந்துவிடும். உள்ளே போனதும் செல்லின் சொந்த எஸ்டரேஸ் நொதிகளே உறையைக் கழற்றிவிடும், அப்புறம் அது வெளியே வர முடியாமல் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். அடுத்த ஆண்டே ரிங்க், ஸ்மித், சியென் மூவரும் குயின்2 என்ற சாயத்தை மனிதத் தட்டணுவில் இப்படி ஏற்றி, உள்ளிருக்கும் கால்சியத்தை அளந்துவிட்டார்கள். 1985-ல் வந்த ஃப்யூரா-2 இன்னும் வசதி. கால்சியம் பிடித்த சாயம் 340 நானோமீட்டர் ஒளியையும் பிடிக்காதது 380-ஐயும் நன்றாக உறிஞ்சும், இரண்டின் விகிதத்தை எடுத்தால் சாயம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்ற கவலை இல்லாமல் கால்சியம் தெரிந்துவிடும்.

எந்தக் கதவு வழியாகக் கால்சியம் வந்தது என்று பிரிக்கவும் ஒரு வழி இருக்கிறது. வெளியிலிருக்கும் கால்சியத்தை முழுதாக எடுத்துவிட்டு த்ராம்பினைச் சேர்த்தால், ஏறுவதெல்லாம் உள்கிடங்கிலிருந்து வந்தது. பிறகு வெளியே கால்சியத்தைத் திரும்பச் சேர்த்தால் இரண்டாவதாக ஒரு ஏற்றம் வரும், அது மேல்சவ்வு வழியாக வந்தது. மருந்தை முன்கூட்டியே ஊற்றிவிட்டு இதைச் செய்தால், முதல் ஏற்றம் குறைகிறதா இரண்டாவதா என்று பார்த்து மருந்து எங்கே கை வைக்கிறது என்று சொல்லலாம். மத்தியதரைக் கடல் பக்கத்துச் செடி ஒன்றிலிருந்து எடுத்த தாப்சிகார்ஜின் என்ற பொருள் இங்கே பெரிய உதவி. அது எந்த ஏற்பியையும் தொடாது, கிடங்குக்குள் கால்சியத்தைத் தள்ளும் பம்பை மட்டும் பிடித்து நிறுத்தும். பம்பு நின்றதும் கிடங்கு தானே கசிந்து காலியாகும், மேல்வாசல் திறந்துவிடும். ஏற்பியையே தொடாமல் இரண்டாவது கதவைத் தனியாகச் சோதிக்கலாம்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. இதற்குப் பழைய, ஆனால் அழகான சோதனை கண்ணாடிப் பிம்பச் சோதனை. பல மருந்துகள் இடது கால் செருப்பும் வலது கால் செருப்பும் போல இரண்டு வடிவில் வரும், அணுக்கள் எல்லாம் ஒன்றே, அமைந்த திசை மட்டும் வேறு. ஏற்பி என்பது கால் மாதிரி, ஒரு பக்கத்துச் செருப்பைத்தான் ஏற்கும். சவ்வின் கொழுப்போ கோணிப்பை மாதிரி, எந்தச் செருப்பையும் போட்டுக்கொள்ளும். பிரஷருக்குக் கொடுக்கும் ப்ரோப்ரனோலாலை எடுத்துக்கொள்ளுங்கள். பீட்டா ஏற்பியை அடைப்பது அதன் இடக்கை வடிவம்தான், வலக்கை வடிவம் அந்த வேலைக்குக் கிட்டத்தட்ட உதவாது. ஆனால் சோதனைக் குழாயில் அதிக அளவில் தட்டணுக்களை மந்தப்படுத்துவதில் இரண்டு வடிவமும் ஒரே மாதிரி வேலை செய்தன. ஆகவே அந்த விளைவுக்கும் பீட்டா ஏற்பிக்கும் சம்பந்தமில்லை, கொழுப்பில் கரையும் மூலக்கூறு சவ்வுக்குள் நுழைந்து அதைக் குலைப்பதால் வருவது என்று முடிவு கட்டினார்கள். மனநோய்க்குக் கொடுக்கும் குளோர்ப்ரோமசினும் இதே ஜாதி. ஒரு முனை கொழுப்பை விரும்பும் வளையங்கள், மறுமுனை நேர்மின்னூட்டம். சவ்வின் உள்பக்க ஏட்டில் எதிர்மின்னூட்டக் கொழுப்பு அதிகம் என்பதால் அங்கே போய்ச் சேர்ந்து ஆப்பு போல நெருக்கும். இந்த வகை மருந்துகளில் ‘கால்சியம் குறைந்தது’ என்று ஒரு கட்டுரையில் படித்தால் உடனே எத்தனை மைக்ரோமோலாரில் என்று பாருங்கள். ரத்தத்தில் வரவே வராத அளவென்றால் அது சவ்வைப் பற்றிய செய்தி, நோயாளியைப் பற்றிய செய்தி அல்ல. இந்த ஒரு பழக்கம் இருந்தாலே பாதிக் கட்டுரைகளைச் சரியாக எடைபோட்டுவிடலாம்.

கேள்வி: எனக்கும் என் நண்பருக்கும் ஒரே மாதத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். எனக்குக் குளோபிடோக்ரெல் தினம் ஒன்று. அவருக்கு டிகாக்ரெலார் காலையும் இரவும். இன்னொரு உறவினருக்குப் பிராசுக்ரெல். மூன்றும் ஒரே வேலை என்றால் எதற்கு மூன்று? விலை அதிகமான மருந்துதான் நல்லதா? அசிடிட்டிக்கு ஒமெப்ரசோல் சாப்பிடக் கூடாது என்று மருந்துக்கடையில் வேறு சொன்னார்கள்.
— வாசகர், மதுரை

பதில்: மூன்றும் அடைப்பது ஒரே இடம், பி2ஒய்12 என்ற ஏடிபி ஏற்பி. வேடிக்கை என்னவென்றால் இந்த ஏற்பி நேராகக் கால்சியத்தை ஏற்றுவதில்லை. ஏடிபிக்குத் தட்டணுவில் இரண்டு ஏற்பிகள். பி2ஒய்1 கால்சியக் கிடங்கைத் திறக்கிறது. பி2ஒய்12 செய்வது பிரேக்கைத் தளர்த்துவது. சைக்ளிக் ஏஎம்பி என்ற மூலக்கூறுதான் அந்தப் பிரேக், அது இருக்கும்வரை கிடங்கின் கதவு லேசில் திறக்காது. பி2ஒய்12-ஐ அடைத்துவிட்டால் பிரேக் அழுத்தியபடியே இருக்கும், கால்சியம் ஏறினாலும் வேகம் பிடிக்காது, ஒட்டிய தட்டணுக்கள் கூடப் பிரிந்துவிடும்.

ஒரே இடம்தான், ஆனால் அங்கே போய்ச் சேரும் பாதை மூன்றுக்கும் வேறு, அதற்குக் காரணம் மூலக்கூறின் அமைப்பு. நீங்கள் விழுங்கும் குளோபிடோக்ரெல் அப்படியே எதையும் அடைக்காது. கல்லீரல் அதை இரண்டு கட்டமாக மாற்றி, கந்தகக் கை ஒன்றை வெளியே நீட்ட வைக்க வேண்டும். அந்தக் கைதான் ஏற்பியிலுள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தோடு நிரந்தரமாகக் கோத்துக்கொள்ளும். இதில் இழப்பு அதிகம். குளோபிடோக்ரெலின் உடம்பிலேயே ஒரு எஸ்டர் இருக்கிறது, எஸ்டரேஸ் நொதிகள் அதை வெட்டினால் மருந்து பயனற்றதாகிவிடும். சுமார் 85 சதவீதம் அப்படித்தான் வீணாகிறது. மிச்சத்தை மாற்றும் வேலையில் சிஒய்பி2சி19 என்ற நொதிக்குப் பெரிய பங்கு. பிறவியிலேயே இந்த நொதி வேலை செய்யாதவர்களுக்கு மாத்திரை சாப்பிட்டும் பலன் குறையும், அமெரிக்க மருந்து நிர்வாகம் 2010-ல் இதைக் கட்டம் கட்டி எச்சரிக்கையாகப் போட்டது. இந்த மரபணுக் குறை ஐரோப்பியர்களை விட ஆசியர்களிடம், நம்மவர்களையும் சேர்த்து, அதிகம்.

ஒமெப்ரசோல் விஷயமும் இங்கேதான் வருகிறது. அது இதே நொதியைத் தடுக்கும். மருந்துக்கடையில் சொன்னது சரியான எச்சரிக்கை, அவருக்கு நன்றி சொல்லுங்கள். பான்டோபிரசோல் அந்த நொதியை அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது, வயிற்றுக்கு மாத்திரை வேண்டுமென்றால் அதைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

பிராசுக்ரெலும் அதே வம்சம், ஆனால் எஸ்டரை இடம் மாற்றி வைத்திருக்கிறார்கள். இதில் எஸ்டரேஸ் வெட்டினால் மருந்து கெடாது, அடுத்த படிக்குத் தயாராகும். குளோபிடோக்ரெலை வீணடித்த அதே நொதி இங்கே வேலைக்காரனாகிவிடுகிறது. கோவை மாணவிக்குச் சொன்ன சியெனின் உறையை நினைத்துக்கொள்ளுங்கள், கிட்டத்தட்ட அதே யோசனை. அதனால் 75-க்குப் பதில் 10 மில்லிகிராமே போதும், எல்லோரிடமும் ஏறக்குறைய ஒரே மாதிரி வேலை செய்யும். வலு கூடினால் ரத்தக்கசிவும் கூடும் இல்லையா, அதனால் ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர்களுக்குக் கொடுக்கக் கூடாது, 75 வயது தாண்டியவர்களுக்கும் 60 கிலோவுக்குக் கீழ் உள்ளவர்களுக்கும் யோசித்துத்தான்.

டிகாக்ரெலார் வேறு வம்சம். ஏடிபியில் ஒரு பாஸ்பேட் கூடினால் வரும் அண்ணன் முறை மூலக்கூறு, அதாவது செல்லின் எரிபொருள், இந்த ஏற்பியை இயல்பிலேயே அடைக்கும். அதிலிருந்து தொடங்கி, மாத்திரையாக விழுங்க ஒத்துவராத பாஸ்பேட் வாலை எடுத்துவிட்டு, சர்க்கரை வளையத்துக்குப் பதில் ஐந்து கார்பன் வளையம் வைத்து என்று படிப்படியாகச் செதுக்கி வந்தது டிகாக்ரெலார். கல்லீரல் மாற்றித் தர வேண்டியதில்லை, நேராக வேலை செய்யும். அதற்குக் கந்தகக் கை கிடையாது, ஏற்பியில் உட்காரும், எழுந்து போகும். ஆகவேதான் நண்பருக்கு இரண்டு வேளை. அவர் இரவு மாத்திரையை மறந்தால் நீங்கள் மறப்பதை விடச் சீக்கிரம் பாதுகாப்பு குறையும், அதை அவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். சிலருக்கு இந்த மாத்திரையால் மூச்சு வாங்குவது போல இருக்கும், பயந்துபோய்த் தானாக நிறுத்தாமல் டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

விலையைப் பற்றி என் கருத்து: உங்கள் வயது, எடை, எந்த மாதிரி அடைப்பு, ரத்தம் கசியும் வாய்ப்பு என்று பார்த்து டாக்டர் கொடுத்ததுதான் உங்களுக்கு நல்லது. ஒருவருக்குத் தைத்த சட்டையை மற்றவர் போட்டுப் பார்ப்பதில் அர்த்தமில்லை. எதிர்காலத்தில் ஏதாவது அறுவைச் சிகிச்சை என்று வந்தால், எத்தனை நாள் முன்னால் நிறுத்துவது என்பதும் மூன்றுக்கும் ஒன்றல்ல. வழக்கமாகக் குளோபிடோக்ரெலுக்கு 5 நாள், பிராசுக்ரெலுக்கு 7, டிகாக்ரெலாருக்கு 3 முதல் 5. அதுவும் இதய டாக்டர் சம்மதித்தால் மட்டும். எந்த மாத்திரை என்ற பெயரை எழுதிச் சட்டைப்பையிலேயே வைத்திருங்கள்.

கேள்வி: தினமும் காலையில் ஆஸ்பிரின் 75 சாப்பிடுகிறேன். முழங்கால் வலிக்கு ஐபுப்ரோஃபென் வாங்கிப் போட்டுக்கொள்கிறேன். இரண்டும் ஒரே இனம்தானே, ஒன்றுக்கொன்று துணை என்று நினைத்தேன். போன வாரம் டாக்டர் திட்டிவிட்டார்.
— வாசகி, திருச்சி

பதில்: அவர் திட்டியது நியாயம். இரண்டும் போய் நிற்பது ஒரே நொதியின் ஒரே குறுகிய சந்தில், அதுதான் பிரச்சினை.

தட்டணுவில் காக்ஸ்-1 என்ற நொதி, ஒரு கொழுப்பமிலத்தைத் தன் சந்துக்குள் இழுத்து த்ராம்பாக்ஸேன் உண்டாக வழி செய்கிறது. த்ராம்பாக்ஸேன் சுமார் அரை நிமிடத்திலேயே பாதி அழிந்துவிடும் பொருள், ஆனால் அந்த அரை நிமிடத்தில் பக்கத்துத் தட்டணுவைத் தட்டி எழுப்பி அதன் கால்சியத்தையும் ஏற்றிவிடும். ஆஸ்பிரின் அந்தச் சந்துக்குள் நுழைந்து தன்னிடமிருக்கும் அசிடைல் துண்டைச் செரின் என்ற இடத்தில் ஒட்டிவிட்டுப் போய்விடும். ஒட்டினது ஒட்டினதுதான். தட்டணுவுக்கு உட்கரு இல்லாததால் புது நொதி செய்துகொள்ள முடியாது, ஆயுள் முழுக்க அந்த வழி அடைத்தபடியே. ஆஸ்பிரின் உடம்பில் கொஞ்ச நேரமே இருந்தாலும் நாளுக்கு ஒரு மாத்திரை போதுமாவது இதனால்தான். அந்த அசிடைல் துண்டு இல்லாத சாலிசிலிக் அமிலம் வலியைக் குறைத்தாலும் தட்டணுவை இப்படி அடைக்காது. பேயர் நிறுவனத்தில் ஃபெலிக்ஸ் ஹாஃப்மன் 1897-ல் அந்தத் துண்டைச் சேர்த்தபோது தட்டணுவை நினைத்துச் சேர்க்கவில்லை. ஆஸ்பிரின் எப்படி வேலை செய்கிறது என்று ஜான் வேன் காட்டியதே 1971-ல்தான்.

ஐபுப்ரோஃபென் எதையும் ஒட்டாது, சந்தில் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டுச் சில மணி நேரம் கழித்து எழுந்து போகும். அது உட்கார்ந்திருக்கும் நேரத்தில் ஆஸ்பிரின் வந்தால் உள்ளே இடமில்லை, ஆஸ்பிரின் அதற்குள் ரத்தத்தில் சிதைந்துவிடும். அப்புறம் ஐபுப்ரோஃபெனும் கிளம்பிவிட்டால், நாள் முழுவதும் தட்டணுக்கள் காவலில்லாமல் கிடக்கும். சாதாரண ஆஸ்பிரின் என்றால் அதைச் சாப்பிட்டு அரை மணி நேரமாவது கழித்து ஐபுப்ரோஃபென், அல்லது ஆஸ்பிரினுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் முன்னதாக, என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2006-ல் சொன்னது. குடலில் கரையும்படி மேல்பூச்சு போட்ட ஆஸ்பிரினுக்கு இந்த நேரக்கணக்கை நம்பாதீர்கள், நம் ஊரில் 75 மில்லிகிராம் பெரும்பாலும் அப்படித்தான் கிடைக்கிறது. அதோடு இரண்டும் சேர்ந்தால் வயிற்றில் புண்ணும் கசிவும் வரும். முழங்காலுக்குப் பாரசிட்டமால், வெந்நீர் ஒத்தடம், தொடைத் தசைக்குப் பயிற்சி. அதில் அடங்கவில்லை என்றால் டாக்டரிடமே வேறு கேளுங்கள், கடையில் நீங்களாக வாங்காதீர்கள்.

கேள்வி: என் மனைவிக்கு மாஸ்டர் செக்கப்பில் பிளேட்லெட் 38,000 என்று வந்தது. காய்ச்சல் இல்லை, உடம்பில் சிவப்புப் புள்ளி இல்லை, எங்கும் ரத்தம் கசியவில்லை. இரண்டு நாள் வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. மறுபடி வேறு லேபில் எடுத்தால் 41,000. மூன்றாவதாக ஒரு டாக்டர் நீல மூடிக் குழாயில் எடுக்கச் சொன்னார், 2,10,000 வந்தது. எதை நம்புவது?
— வாசகர், சேலம்

பதில்: மூன்றாவதை. அந்த டாக்டர் சரியான இடத்தில் யோசித்திருக்கிறார்.

ரத்த எண்ணிக்கைக்கு எடுக்கும் ஊதா மூடிக் குழாயில் ஈடிடிஏ இருக்கும். அது நண்டு போல நாலா பக்கமும் கை போட்டுக் கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் ரத்தம் உறையாது. தட்டணுவின் மேலிருந்து ஃபைப்ரினோஜெனைப் பிடிக்கும் புரதம் கால்சியத்தை வைத்துத்தான் தன் உருவத்தைக் காப்பாற்றிக்கொள்கிறது. ஈடிடிஏ அந்தக் கால்சியத்தை உருவிவிட்டால் புரதம் உருவம் மாறி, மறைந்திருந்த ஒரு பகுதி வெளியே தெரியும். சுமார் ஆயிரத்தில் ஒருவருக்கு அந்தப் பகுதியோடு ஒட்டும் எதிர்ப்புரதம் ரத்தத்தில் இருக்கும். குழாய்க்குள் தட்டணுக்கள் கொத்துக் கொத்தாகச் சேர்ந்துவிடும், எண்ணும் கருவி ஒரு கொத்தைத் தட்டணுவாகவே எண்ணாது. இது குழாய்க்குள் மட்டும் நடப்பது. உங்கள் மனைவியின் உடம்பில் தட்டணுக்கள் பிரிந்து, ஒழுங்காகவே ஓடுகின்றன. நீல மூடிக் குழாயில் சிட்ரேட், அதுவும் கால்சியத்தைப் பிடிப்பதுதான், ஆனால் பிடி தளர்வு, பெரும்பாலானவர்களுக்கு இந்தக் கொத்து அதில் வராது.

ஒரு சின்னத் திருத்தம். நீலக் குழாயில் 9 பங்கு ரத்தத்தோடு 1 பங்கு சிட்ரேட் நீர் கலப்பதால் வரும் எண்ணை 1.1-ஆல் பெருக்க வேண்டும். லேபிலேயே பெருக்கிக் கொடுத்தார்களா என்று கேளுங்கள், இல்லையென்றால் உங்கள் மனைவிக்கு 2,31,000. ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் ஸ்மியர் சோதனையையும் ஒருமுறை செய்துவிட்டால் கொத்துகள் கண்ணுக்கே தெரியும். அந்த ரிப்போர்ட்டைப் பத்திரமாக வையுங்கள். நாளைக்கு அவருக்கு ஏதாவது ஆபரேஷன் என்று வந்து யாராவது ஊதாக் குழாயில் எடுத்துவிட்டுத் தட்டணு ஏற்றலாம் என்று கிளம்பினால், அந்தக் காகிதத்தை எடுத்துக் காட்டுங்கள். அதே சமயம், காய்ச்சலோடு எண்ணிக்கை குறைந்தால் இதுவும் குழாய்க் கோளாறுதான் என்று வீட்டிலேயே உட்கார்ந்திருக்க வேண்டாம். டெங்குவில் குறைவது நிஜக் குறைவு, அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.